மெதுவாகச் சாய்ந்த அண்டா

போன வாரம் முழுக்க நம் வாட்ஸப் குரூப்பில் ஒரே தீபாவளிப் புராணம். பொட்டு வெடிச் சுருள் போடுகிற துப்பாக்கி, தகர டின்னில் அதிரசம், புதுப்பாவாடை ஓரத்தில் மஞ்சள், வீட்டுக்கு வீடு தட்டு மாற்றிக்கொள்வது. ஒருத்தி எழுதினால் மற்றவர்கள் வரிசையாகக் கைகூப்பும் பொம்மை போட்டீர்கள். நானும்தான் போட்டேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் படிக்கப் படிக்க எரிச்சலாக வந்தது. முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வயதில் நமக்குப் பட்டாசும் பலகாரமும் மட்டும்தானா ஞாபகம் இருக்கும்? அந்தப் பலகாரத்தைச் சுட்டவள் முகம் ஒருத்திக்கும் ஞாபகம் இல்லையா?

எனக்கு ஒரே ஒரு தீபாவளிதான் முழுசாக ஞாபகம் இருக்கிறது. அதைக் குரூப்பில் போட்டால் உங்களுக்கு எந்தப் பொம்மை போடுவது என்று தெரியாது. அதனால் தனியாக எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படியுங்கள்.

அப்போது எங்கள் வீடு விளாங்குடியில், திண்டுக்கல் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. இன்றைக்கு அங்கே போனால் எது எங்கள் தெரு என்று எனக்கே தெரியாது. வீடு சின்னது, கொல்லைப்புறம் பெரியது. கிணறு, துவைகல், இரண்டு முருங்கை, மழை பெய்தால் வழுக்குகிற செம்மண். அப்பாவுக்கு மில் வேலை. அக்காவுக்கும் எனக்கும் வயதில் ரொம்ப இடைவெளி. நடுவில் பிறந்தவை தங்கவில்லை. அதனால் அக்கா எனக்குப் பாதி அம்மா. அவள் கல்யாணமாகிப் போன அன்றைக்கு எனக்குத் தலை பின்னிவிட ஆள் இல்லாமல் போனது. அம்மா பின்னினால் கண் பிதுங்கும்.

அந்த வருடம் வைகாசியில்தான் அக்காவைக் கல்லுப்பட்டிப் பக்கம் கொடுத்திருந்தார்கள். அவர்களுக்குத் தோட்டம் உண்டு, அரிசி ஆலை உண்டு, மாடி வீடு. "நம்ம தகுதிக்கு மீறின எடம்" என்று அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். சொல்லும்போது பெருமையும் பயமும் சேர்ந்தே இருக்கும். பெருமை கொஞ்ச நாளில் தேய்ந்து, பயம் மட்டும் மிச்சமாக இருந்தது. அது அப்போது எனக்குப் புரியவில்லை. அப்பா மாப்பிள்ளைக்குக் கடிதம் எழுதினால்கூட உட்கார்ந்து எழுதமாட்டார், நின்றுகொண்டுதான் எழுதுவார் என்று சின்ன மாமா கேலி செய்வார். சின்ன மாமா அம்மாவின் தம்பி. அந்தத் தீபாவளிக்கு அவரும் வந்திருந்தார். அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, ஒரு வாரம் முன்பே வந்து கட்டிலைப் பிடித்துவிட்டாள்.

தலைத்தீபாவளி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்காவும் மச்சானும் வந்து இறங்கினார்கள். மச்சான் என்றால் அக்கா வீட்டுக்காரர். அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் எப்படியும் கூப்பிடவில்லை. அவர் பேசுகிற ஆள் இல்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டே வீட்டைச் சுற்றிப் பார்ப்பார். அவர் பார்க்கிற இடத்தையெல்லாம் அப்பாவும் கூடவே பார்ப்பார், ஒட்டடை இருக்கிறதா என்று.

அக்கா நேராக அடுப்படிக்கு வந்தாள். கைமுறுக்குச் சுற்றிக்கொண்டிருந்த அம்மாவின் முதுகில் சாய்ந்து உட்கார்ந்தாள். மெலிந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "நான் இங்கன கொஞ்ச நாள் இருந்துட்டுப் போகட்டாம்மா?" என்று கேட்டாள்.

அம்மா சிரித்துவிட்டாள். "வந்து கால் கழுவல, அதுக்குள்ள இருக்கட்டாங்கிறா. அம்புட்டு ஏக்கமாடி ஆத்தா?"

"ஞாயித்துக்கெழம போகணுமாம். நீ அப்பாட்ட சொல்லேன்."

"மொதத் தீபாவளிக்கு வந்தவ சோடியா வந்து சோடியாப் போகணும். பொங்கலுக்கு வா, பத்து நாளு வச்சு அனுப்புறேன்." அம்மா முறுக்கை எண்ணெயில் போட்டாள். அக்கா அதற்கு மேல் கேட்கவில்லை. நான் அவள் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டேன். அவள் என் தலையில் ஈர் பார்த்தாள்.

மறுநாள் விடிவதற்கு முன்பே எண்ணெய்க் குளியல். தலைத்தீபாவளிக்கு வந்த பெண்ணுக்குத் தாய்தான் எண்ணெய் வைத்துத் தேய்த்துவிட வேண்டும். அக்கா அம்மாவை உச்சியில் மட்டும் வைக்கவிட்டாள். "மிச்சத்த நானே தேச்சுக்கிறேன், குளிரா இருக்கு, நீ போம்மா" என்று குளிப்பறைக் கதவைச் சாத்தினாள். என்னை மட்டும் உள்ளே விட்டாள். பாவாடையை மாரோடு கட்டியிருந்தாள். நான் சீயக்காயை அள்ளி அவள் தோளில் தேய்த்தேன். அவள் பல்லைக் கடித்து மூச்சை இழுத்தாள்.

குண்டு பல்பு வெளிச்சத்தில் பார்த்தேன். இடது தோளுக்குக் கீழே, ரவிக்கைக் கை மறைக்கிற இடத்தில், விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு. கறுத்து, ஓரம் உரிந்து, நடுவில் ரோஸாக இருந்தது. அதற்குக் கீழே இன்னொன்று, அது பழசு.

"என்னக்கா இது?"

"பணியாரம் சுடும்போது பட்டுருச்சு."

"இம்புட்டு மேலயா?"

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். "ரொம்பப் பேசாதடி. தண்ணிய ஊத்து" என்றாள். நான் ஊற்றினேன். பணியாரக் கம்பி தோளுக்கு எப்படிப் போகும் என்பதை விட, அன்றைக்குப் புதுப்பாவாடைக்குக் கரை பச்சையா நீலமா என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். நீலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். பச்சையாகத்தான் இருந்தது.

அந்த வருடம் தீபாவளி சனிக்கிழமை வந்து தொலைத்தது. எங்களுக்கு அழகர்தான் எல்லாம். சனிக்கிழமை எங்கள் வீட்டில் முட்டை ஓடுகூட இருக்கக் கூடாது. தெரு முழுக்கக் கறிக்குழம்பு மணக்கிறது, எங்கள் இலையில் மட்டும் இட்லி, சாம்பார், வடை, சுழியம். மச்சான் இலையைப் பார்த்தார்.

"கறி இல்லையா?"

"சனிக்கெழம மாப்ள. அழகருக்கு ஆகாது" என்றாள் அத்தை. "நாளைக்கு ஜமாச்சிருவோம்."

"எங்க வீட்டுல தீபாவளின்னா தீபாவளிதான். கெழமையெல்லாம் பாக்கிறதில்ல."

அவ்வளவுதான் சொன்னார். கொஞ்சம் கொறித்துவிட்டு எழுந்தார். எழும்போது இலையை மடித்தார் பாருங்கள், அதுதான் வினை. நல்ல நாளில் சாப்பிட்டவர்கள் இலையைத் தம் பக்கமாக மடிப்பார்கள், உறவு தொடர வேண்டும் என்று. எதிர்ப்பக்கமாக மடிப்பது துட்டி வீட்டில், சாவுச் சாப்பாட்டில். மச்சான் எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டுக் கை கழுவப் போனார். அப்பா அந்த இலையையே பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை மெதுவாக, "பாத்தியாடா" என்றாள். அம்மா அவசர அவசரமாக அந்த இலையை எடுத்துக்கொண்டு போய்க் குழியில் போட்டாள்.

அன்று பகல் முழுக்க எங்கள் வீட்டில் பேச்சு அந்த இலையைப் பற்றித்தான். அக்காவைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அவள் முகம் வாடியிருந்ததைப் பார்த்த அத்தைகூட, "புருசன் மொகம் சுண்டினா இவளுக்கு மனசு தாங்கல, பாரு" என்றுதான் பாராட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்கள் கிளம்ப வேண்டும். அதற்குள் இலையைச் சரி செய்தாக வேண்டும். அப்பா விடிந்ததும் விடியாததுமாக நல்ல வெள்ளாட்டுக் கறி வாங்கி வந்தார். பிரியாணி போடுவது என்று முடிவானது. அந்தக் காலத்தில் வீட்டில் பிரியாணி போடுவது என்பது கிட்டத்தட்டக் காது குத்துக்குச் சமம். அம்மாவின் சீர் அண்டாவைப் பரணிலிருந்து இறக்கினார்கள். பித்தளை அண்டா, கழுத்தில் அம்மாவின் தகப்பனார் பெயர் வெட்டியது. நானும் அம்மாவும் புளி போட்டுத் தேய்த்தோம். அதில் என் முகம் அகலமாகத் தெரியும். நாக்கை நீட்டிப் பார்ப்பேன்.

சமையல் பொறுப்பு சின்ன மாமாவுக்கு. ஏதோ ஒரு ஹோட்டல் சமையற்காரர் தனக்குப் பக்குவம் சொல்லிக்கொடுத்ததாக வருடக்கணக்கில் அளந்துகொண்டிருந்தார். கிணற்றுக்கும் முருங்கைக்கும் நடுவில் மூன்று கல் வைத்து அடுப்புக் கூட்டினார். முந்தின நாள் மழையில் செம்மண் ஊறியிருந்தது. "மண்ணு இளக்கமா இருக்கேடா" என்றாள் அம்மா. "எல்லாம் கணக்கு இருக்குக்கா, நீ வெங்காயத்த உரி" என்றார் அவர்.

பட்டையும் கிராம்பும் வெங்காயமும் நெய்யில் வதங்கிய வாசனை தெருமுனை வரை போயிருக்கும். கறி வெந்து, தண்ணீர் ஊற்றி, உலை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அரிசி போட வேண்டியதுதான் பாக்கி. அக்கா களைந்த அரிசியை வைத்துக்கொண்டு அடுப்போரம் நின்றாள். அம்மா, அத்தை, நான், எல்லோரும் சுற்றி நின்றோம். கொல்லைப்புறத்தில் ஒரு சிரிப்புகூட வந்துவிட்டது. சின்ன மாமா உப்புப் பார்க்கிறேன் என்று நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

அப்போதுதான் மச்சான் மிச்சம் இருந்த ராக்கெட்டுகளையும் ஒரு சோடாப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தார். பட்டப்பகலில் ராக்கெட் விட்டு யார் பார்க்கப்போகிறார்கள்? ஆனால் தலைத்தீபாவளி மாப்பிள்ளை. அவர் கையில் வத்திக்குச்சி இருந்தால் யாரும் கேட்கக் கூடாது.

சின்ன மாமா மட்டும் சொன்னார். "அடுப்பு எரியுது மாப்ள. வாசப்பக்கம் போயி விடலாமே."

அப்பா அவரைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. "அவரு எங்க வேணா விடுவாரு. அவரு வீடு இது" என்றார். பிறகு மச்சான் பக்கம் திரும்பி, "நீங்க விடுங்க மாப்ள" என்று சிரித்தார்.

மச்சான் பாட்டிலை ஈர மண்ணில் வைத்துப் பற்ற வைத்தார். பாட்டில் சாய்ந்தது. ராக்கெட் மேலே போகாமல் தரையோடு சீறிக்கொண்டு அடுப்புக்கு வந்தது. சின்ன மாமா துள்ளிக் குதித்தார். அவர் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்த விறகில் பட்டது, விறகு கல்லைத் தள்ளியது, கல் சேற்றில் புதைந்தது. அண்டா சாய்ந்தது.

இந்த இடத்தைக் கவனமாக எழுத வேண்டும். பிற்பாடு எங்கள் குடும்பத்தில் எல்லோரும் இதைச் சொல்லும்போது அண்டா சடக்கென்று கவிழ்ந்ததாகத்தான் சொல்வார்கள். அப்படி இல்லை. முதலில் கொஞ்சம் சாய்ந்து நின்றது. யோசிப்பது போல நின்றது. அம்மா என்னை இழுத்துக்கொண்டு பின்னால் போனாள். எந்நேரமும் கட்டிலே கதி என்று கிடக்கிற அத்தைகூடக் கிணற்றடி வரைக்கும் ஓடிவிட்டாள். அதற்குப் பிறகுதான் அண்டா முழுசாகச் சாய்ந்தது. அக்கா அரிசிச் சட்டியோடு நின்ற இடத்திலேயே நின்றாள். கொதிக்கிற குழம்பு அவள் வலது காலில் கொட்டியது. தோள் வரைக்கும் தெறித்தது.

அவள் கத்தவில்லை. உட்கார்ந்துவிட்டாள்.

"பயத்துல அப்படியே ஒறஞ்சு போயிட்டா பிள்ள" என்று அத்தை எல்லோருக்கும் சொன்னாள்.

கிணற்று நீரை ஊற்றினார்கள். அம்மா இட்லி மாவை அள்ளிக் காலில் அப்பினாள். அப்பா மைப்புட்டியைக் கொண்டுவந்து, மாவுக்கு மேலேயே ஊற்றினார். அந்தக் காலத்து வைத்தியம் உங்களுக்கெல்லாம் தெரியும். வெள்ளை மாவில் நீல மை வழிந்து விரல் இடுக்கில் இறங்கியது. அது முடிந்ததும் அப்பா எழுந்து எங்கே போனார் என்று நினைக்கிறீர்கள்? மச்சானிடம். மச்சானின் வேட்டி ஓரத்தில் பொறி பட்டு ஒரு ஓட்டை விழுந்திருந்தது.

"அடுப்ப அங்க போட்டது எங்க தப்பு மாப்ள. நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்கிறாதீங்க" என்றார் அப்பா. மச்சான் வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். அக்கா வெந்த காலோடு உட்கார்ந்திருந்தது அவர்கள் இருவருக்கும் நாலு அடி தூரத்தில்.

மெயின் ரோட்டில் ஒரு டாக்டர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமையானாலும் வீட்டிலேயே பார்ப்பார். சைக்கிள் ரிக்ஷாவில் அக்காவை ஏற்றிக்கொண்டு அம்மாவும் நானும் போனோம். டாக்டர் மாவையும் மையையும் கழுவவே நேரம் எடுத்துக்கொண்டார், திட்டிக்கொண்டே. பிறகு, "வேற எங்க பட்டுச்சு?" என்று கேட்டு, நனைந்திருந்த ரவிக்கைக் கையை மேலே தள்ளினார். அக்கா தடுத்தாள். அதற்குள் அவர் பார்த்துவிட்டார். அம்மாவும் பார்த்தாள்.

அம்மா அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். முந்தின நாள் அக்கா அவளைக் குளிப்பறைக்குள் விடவில்லையே.

"இது எப்படி?" என்றார் டாக்டர்.

அக்கா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை. நீயாவது சொல்லிவிடு என்கிற பார்வை அது. இப்போது எனக்குத் தெரிகிறது.

"எல்லாம் அண்டா சாஞ்சதுதாங்கய்யா" என்றாள் அம்மா.

"இல்ல, அது நேத்தே இருந்துச்சு" என்றேன் நான்.

அம்மாவின் கால் என் காலை மிதித்தது. "சின்னப்பிள்ள, தெரியாமப் பேசுது."

"இது காஞ்ச புண்ணும்மா. ஒண்ணு இல்ல, ரெண்டு" என்றார் டாக்டர்.

"அண்டாதாங்கய்யா" என்றாள் அம்மா மறுபடியும். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துச் சொன்னாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "சரி. இந்தக் கால் புண்ணு ஆறுற வரைக்கும் தரையில ஊனக் கூடாது. பயணம் கூடவே கூடாது. சீழ் பிடிச்சா கால எடுக்கணும். பிள்ளைய உங்க வீட்டுலயே வச்சிருங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க." பாவம், அந்த மனிதர் தன்னால் முடிந்ததைச் செய்தார்.

அக்கா சிரித்தாள். அத்தனை வேதனையிலும் சிரித்தாள். திரும்பி வரும்போது ரிக்ஷாவில் என்னை இறுக்கி அணைத்துக்கொண்டு, "எனக்கு ஒம் பாயில எடம் விடுவியாடி?" என்று கேட்டாள். "நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு ரெட்டச்சடை போட்டுவிடுறேன், மடிச்சுக் கட்டி." எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. அண்டா சாய்ந்தது நல்லதுதான் என்று நினைத்தேன். அம்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்கு வந்தால் கூடத்தில் மச்சான் நாற்காலியில் சாய்ந்திருந்தார். அண்டாவில் சமைத்தது மண்ணுக்குப் போனதால் அப்பா சின்ன மாமாவை ஓடவிட்டு டவுனிலிருந்து ஹோட்டல் பிரியாணி வாங்கி வந்து அவருக்குப் பரிமாறியிருந்தார். இலை இன்னும் எடுக்காமல் கிடந்தது. தன் பக்கமாக மடித்திருந்தார். அப்பா முகம் தெளிந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் அவர் முதலில் அந்த இலையைத்தான் அம்மாவுக்குக் கண்ணால் காட்டினார்.

அம்மா டாக்டர் சொன்னதைச் சொன்னாள். தோளில் பார்த்ததைச் சொல்லவில்லை. "காலு ஆறட்டுங்க. அப்புறம் கொண்டுபோயி விட்டுட்டு வருவோம்."

அப்பா மச்சானைப் பார்த்தார். மச்சான் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார். "உங்க இஷ்டம் மாமா. எம்புட்டு நாளு வேணா வச்சிருங்க. ஆனா திரும்ப நான் வந்து கூப்புட மாட்டேன். அதையும் பாத்துக்கோங்க."

கொல்லையில் காக்காய்கள் கறித்துண்டுகளுக்குச் சண்டை போட்டது மட்டும் கேட்டது.

"தலைத்தீபாவளிக்கு வந்த மாப்ளய ஒத்தையா அனுப்பக் கூடாதுடா. நாலு பேரு என்ன கேப்பாக?" என்றாள் அத்தை. "காலுதான? அங்க என்ன ஆளா இல்ல பாத்துக்கிட? மாடி வீடு. உக்காந்து திங்கப்போறா."

"காரு பேசுறேன் மாப்ள. நடக்கவே வேணாம்" என்றார் அப்பா. முடிந்தது. அவ்வளவு நேரம்தான் ஆனது.

அக்கா அடுப்படியில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, நான் போகலம்மா. நீ பாத்தேல்ல?"

"சத்தமாப் பேசாத."

"பாத்தேல்லம்மா?"

"ஒரு பிள்ள பொறந்தா எல்லாம் சரியாப் போகும்டி" என்றாள் அம்மா. அவள் அழுதுகொண்டேதான் சொன்னாள். அழுதுகொண்டே அக்காவின் பையில் முறுக்கையும் அதிரசத்தையும் எடுத்து வைத்தாள். அம்மா கெட்டவள் இல்லை. அதுதான் எனக்கு இன்று வரை ஆறவில்லை. கெட்டவளாக இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். சரியாகப் போகும் என்று நம்பினாள், நம்பித்தான் அனுப்பினாள்.

கார் வந்தது. சின்ன மாமா அக்காவைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைத்தார். அவர் மட்டும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கட்டுப் போட்ட காலில் செருப்பு ஏறாது என்பதால் வலது கால் செருப்பு வாசலிலேயே கிடந்தது. சிவப்பு வார் வைத்த புதுச் செருப்பு. நான் எடுத்துக்கொண்டு ஓடினேன், கார் போய்விட்டது. அதை என் புத்தக அலமாரியில் வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் தங்குவதற்கு அனுமதி கிடைத்தது அந்தச் செருப்புக்கு மட்டும்தான். பிறகு வெள்ளையடிக்கும்போது யாரோ தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

அண்டாவையும் அம்மா அதிக நாள் வைத்திருக்கவில்லை. இடுப்பில் நசுங்கியிருந்தது. பழைய பாத்திரக்காரரிடம் போட்டு எவர்சில்வர் அடுக்கு வாங்கிவிட்டாள். அண்டா போனாலும் அது சாய்ந்தது மட்டும் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. அக்கா நொண்டினால், அண்டா சாய்ந்தது. கை நடுங்கினால், அந்த அதிர்ச்சி. கழுத்தில் புதிதாக ஒரு தழும்பு வந்தபோதுகூட, "அன்னைக்குத் தெறிச்சதுதான" என்று அத்தை சொன்னாள், அம்மா தலையாட்டினாள். பிள்ளைகள் பிறந்தன. ஒன்றும் சரியாகப் போகவில்லை. நான் வேலைக்குப் போன பிறகு ஒரு தடவை, என்னோடு வந்துவிடு என்று கூப்பிட்டேன். "பொம்பளப் பிள்ளைய வச்சிருக்கேன்டி, இனிமே எங்க வர?" என்றாள். அப்பா சாகும்வரை, தன் வாழ்க்கையில் ஒரு தடவைகூட மாப்பிள்ளை மனம் கோணவிட்டதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். உண்மைதான், அவர் விட்டதில்லை.

இந்தத் தீபாவளிக்கு முந்தின நாள் கல்லுப்பட்டிப் பக்கம் போய் அக்காவைப் பார்த்துவிட்டு வந்தேன். சர்க்கரை இருக்கிறது. அதே வலது காலில் ஆறாத புண். கட்டு மாற்ற ஒரு நர்ஸ் பெண் வீட்டுக்கே வருகிறாள். பிரித்துப் பார்த்துவிட்டு, "இந்தப் பழைய தழும்பு என்ன பாட்டி? இம்புட்டுப் பெரிசா இருக்கு" என்று கேட்டாள்.

அக்கா வாயைத் திறப்பதற்கு முன்பே கூடத்திலிருந்து மச்சான் பதில் சொன்னார். வயதாகிவிட்டது, ஊரில் பெரியவர் என்று பெயர். காது மட்டும் நன்றாகக் கேட்கிறது. "தலைத்தீபாவளியில அண்டா சாஞ்சதும்மா. நான் விட்ட ராக்கெட்டுதான்" என்று சொல்லிச் சிரித்தார். நர்ஸ் பெண்ணும் சிரித்தாள். "கால ஊனக் கூடாது பாட்டி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நானும் அக்காவும் மட்டும் இருந்தோம். வெளியே எந்தப் பிள்ளையோ அவசரப்பட்டு வெடி போட்டது. அக்கா காலைப் பார்த்துக்கொண்டே, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"அது மெதுவாத்தான்டி சாஞ்சுச்சு. நீ பாத்தேல்ல?"

"பாத்தேன்."

"கால எடுத்திருக்கலாம். எடுக்கல."

இத்தனை வருடமாக அவள் உறைந்துபோய் நின்றாள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

"புண்ணு ஆறுற வரைக்குமாச்சும் வச்சிருப்பீகன்னு நெனச்சேன்" என்றாள் அக்கா.

கூடத்தில் மச்சான் இருமினார். காபி கேட்கிற இருமல் அது. நான் எழுந்திருப்பதற்குள் அக்கா கட்டிலைப் பிடித்துக்கொண்டு காலைத் தரையில் ஊன்றிவிட்டாள்.